ஆங்கிலச் சொல்லுக்கு லத்தீன் வேர் தேடுவது: சேலத்தில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். சொல்லின் வேர் பற்றிப் பேச்சு வந்தால் போதும், அதே சந்தேகங்கள் வரிசை கட்டி வரும். மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர், ஏற்காட்டு எஸ்டேட் நண்பர்கள் என்று யார் கேட்டதாக இருந்தாலும், கேட்ட வாக்கிலேயே கேள்வியைப் போட்டிருக்கிறேன். எளிதானவை முதலில், சிக்கலானவை பிறகு.

லத்தீன்னா என்ன சார்? இப்ப அதை யாராவது பேசுறாங்களா?

ரோம் நகரத்தையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் சேர்ந்தவர்கள் பேசிய மொழி. ரோமப் பேரரசோடு ஐரோப்பாவில் பரவியது. பேரரசு சிதறிய பிறகு ஊருக்கு ஊர் பேச்சு மாறி இத்தாலியன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், போர்ச்சுகீசியம் என்று பிரிந்துவிட்டது. வீட்டில் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் இன்று இல்லை. ஆனால் கத்தோலிக்கத் திருச்சபையின் ஆவணங்களிலும், செடி கொடிகளின் அறிவியல் பெயர்களிலும், சட்டச் சொற்களிலும் அது இன்னும் புழங்குகிறது.

அப்போ ஆங்கிலம் லத்தீன்லேர்ந்துதானே பிறந்தது?

இல்லை. ஆங்கிலம் ஜெர்மன், டச்சு மொழிகளின் குடும்பம். வாட்டர், ஹவுஸ், பிரதர், ஈட், கோ போன்ற அன்றாடச் சொற்கள் அந்தக் குடும்பச் சொத்து. சேலத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த 'ஸ்டீல்' கூட அந்தப் பக்கம்தான், லத்தீன் இல்லை.

லத்தீன் வெளியிலிருந்து வந்து சேர்ந்தது, அதுவும் நான்கு தடவை. ஆங்கிலேயரின் முன்னோர் பிரிட்டனுக்குப் போவதற்கு முன்பே ரோமர்களிடம் வாங்கியவை ஒயின், ஸ்ட்ரீட், வால், மைல். 597-ல் கிறிஸ்தவப் போதகர்கள் வந்த பிறகு தேவாலயச் சொற்கள் வந்தன. 1066-ல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்ததும் பிரெஞ்சு வழியாக ஆயிரக்கணக்கில் கொட்டின. பிறகு 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் படித்தவர்கள் லத்தீன் புத்தகத்திலிருந்து நேரடியாக அள்ளினார்கள். அதனால் ஒரே லத்தீன் சொல் இரண்டு வேஷத்தில் இருக்கும்: பிரெஞ்சு வழியில் தேய்ந்து வந்தது 'ஃப்ரெய்ல்', புத்தகத்திலிருந்து முழுசாக வந்தது 'ஃப்ராஜைல்'. இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான்.

ஒரு வார்த்தையைக் கையில குடுத்தா எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?

பிரித்துப் பாருங்கள். 'கலெக்டர்' என்பதை எடுத்துக்கொள்வோம். கடைசியில் உள்ள 'ஓர்' செய்கிறவரைக் குறிக்கும் விகுதி. முன்னால் இருப்பது 'கோன்' என்ற முன்னொட்டு. 'ஒன்றாக' என்று பொருள். நடுவில் இருப்பது 'லெகெரே', அதாவது பொறுக்கி எடுப்பது. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்ப்பவர் கலெக்டர். எதைச் சேர்த்தார்? வரியை. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து சேலம் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்ததும் அலெக்சாண்டர் ரீட் இங்கே கலெக்டராக வந்தார். அவருடைய முதல் வேலை வரிதான்.

'கோன்' எப்படிக் 'கொல்' ஆனது என்று கேட்பீர்கள். கண் + நீர் கண்ணீர் ஆகிறதே, அதே மாதிரி புணர்ச்சிதான். அடுத்து 'ல' வந்தால் 'ன' அதோடு ஒட்டிக்கொள்ளும். 'இன்' என்ற எதிர்மறை முன்னொட்டும் இப்படித்தான் இம்பாசிபிளில் 'இம்' ஆகிறது, இல்லீகலில் 'இல்' ஆகிறது. புணர்ச்சி விதி படித்த தமிழ் மாணவருக்கு இது பாதி தெரிந்த பாடம்.

'லெகெரே'க்கு பிற்பாடு 'படிப்பது' என்ற பொருளும் வந்தது. எலெக்ஷன், செலெக்ஷன் பொறுக்குவதில் சேர்ந்தவை. லெக்சர், லெசன் படிப்பதில் சேர்ந்தவை.

பஸ்ஸுக்கும் லத்தீனுக்கும் என்னங்க சம்பந்தம்? சும்மா விடுறீங்களா?

சும்மா இல்லை. எனக்கு மிகவும் பிடித்த சொல் இதுதான். முழுப் பெயர் 'ஓம்னிபஸ்'. லத்தீனில் 'ஓம்னிஸ்' என்றால் எல்லாம். 'ஓம்னிபுஸ்' என்றால் எல்லாருக்கும். 1820-களில் பிரான்சில் யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து ஏறக்கூடிய குதிரை வண்டிக்கு இந்தப் பெயர் வைத்தார்கள். 1829-ல் ஜார்ஜ் ஷில்லிபியர் அதை லண்டனில் ஓட்டினார். பிறகு வாய்க்குச் சுருக்கமாக 'பஸ்' ஆகிவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது, 'பஸ்' என்ற துண்டில் வேரே கிடையாது. அது வெறும் வேற்றுமை உருபு. 'எல்லாருக்கும்' என்பதில் 'எல்லாரு' போய் 'க்கும்' மட்டும் மிஞ்சிய கதை. புது பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு நாம் 'க்கும் வந்துடுச்சா?' என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். ராத்திரி சென்னைக்குக் கிளம்பும் தனியார் வண்டிகளை 'ஆம்னி பஸ்' என்கிறோமே, அதில் முழுச் சொல்லும் அப்படியே இருக்கிறது.

லத்தீன் இலக்கணம் படிக்காம இதெல்லாம் முடியுமா? எந்த அகராதியைப் பார்க்கிறது?

முடியும். அடிக்கடி வரும் இருபது முப்பது வேர் தெரிந்தால் போதும். 'போர்தாரே' சுமப்பது (போர்ட்டர், எக்ஸ்போர்ட்), 'ஸ்க்ரீபெரே' எழுதுவது (ஸ்கிரிப்ட், மருந்துச் சீட்டான பிரிஸ்கிரிப்ஷன்), 'டீகெரே' சொல்வது (டிக்‌ஷனரி, பிரெடிக்ட்), 'யுங்கெரே' சேர்ப்பது (ஜாயின், ஜங்ஷன்). இப்படி ஆரம்பியுங்கள். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் மறந்துவிடும். படிக்கும் செய்தித்தாளில் கண்ணில் படும் சொல்லைப் பிடித்துத் தேடுவதுதான் நிற்கிறது.

அகராதியில் பெரியது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. 1884-ல் முதல் பகுதி வந்து, 1928-ல்தான் முழுவதும் முடிந்தது. எந்த அகராதியைத் திறந்தாலும் மூன்று விஷயம் பாருங்கள். சொல் ஆங்கிலத்தில் முதலில் எழுத்தில் கிடைத்த காலம், அது எந்த மொழி வழியாக வந்தது, அங்கே என்ன பொருள். இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் சங்கிலி அறுந்துவிடும். ஓசை ஒத்துப்போவதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். கீழே வரும் குழப்பங்களில் முக்கால்வாசி அப்படி வந்ததுதான்.

ஃபேக்டரி, டிஃபெக்ட், எஃபிஷியன்ட் மூணும் ஒரே வேர்னு புக்ல போட்டிருக்கு. எழுத்தே வேற வேறயா இருக்கே?

மூன்றும் 'ஃபாகெரே', அதாவது செய்வது என்ற ஒரே வினையிலிருந்து வந்தவைதான். முன்னொட்டு சேர்ந்து அழுத்தம் முன்னால் போகும்போது நடுவிலுள்ள 'அ' ஓசை மெலிந்து 'எ' அல்லது 'இ' ஆகிவிடும். அதனால் ஃபாக், ஃபெக், ஃபிக் என்று மூன்று முகம். நமக்கு இது புதிதா என்ன? 'வா' என்பதுதான் வந்தான், வருவான், வராதே என்றெல்லாம் நிற்கிறது.

பிரெஞ்சு வழியாக வந்தவை இன்னும் உருமாறியிருக்கும்: ஃபேஷன், ஃபீச்சர் இரண்டும் இதே வேர்தான். நம் ஊர் சேகோ ஃபேக்டரியில் 'ஃபேக்டரி' லத்தீன், 'சேகோ' மலாய். மலாய்க்காரர்களின் சாகு ஒரு பனை வகையின் தண்டுச் சோற்றிலிருந்து எடுக்கும் மாவு. நாம் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுத்து, அதே பெயரைக் கொடுத்துவிட்டோம். கம்பெனிக்காரர்கள் காலத்தில் 'ஃபேக்டரி' என்றால் பொருள் செய்யும் இடமில்லை, 'ஃபேக்டர்' எனப்பட்ட வியாபார ஏஜென்ட் தங்கும் கிடங்கு.

கடனுக்கு 'டெட்'னு சொல்றோம், அதுல பி எதுக்கு? உச்சரிக்கவே இல்லையே.

படித்தவர்கள் செய்த வேலை. சொல் பிரெஞ்சிலிருந்து பி இல்லாமல்தான் வந்தது. லத்தீனில் 'டேபிடும்' என்று இருக்கிறதே என்று பிற்பாடு பி-யைக் கொண்டுவந்து செருகினார்கள். வாய் அதை ஏற்கவில்லை, எழுத்தில் மட்டும் தங்கிவிட்டது. 'டவுட்'டில் உள்ள பி, 'ரெசீட்'டில் உள்ள பி (டவுட்டில் இருப்பது ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்து, ரெசீட்டில் இருப்பது பதினாறாம் எழுத்து) எல்லாம் இதே கதை.

'ஐலண்ட்' இன்னும் மோசம். அது லத்தீனே இல்லை, பழைய ஆங்கிலச் சொல். லத்தீன் வழி வந்த 'ஐல்' என்ற சொல்லைப் பார்த்து ஏமாந்து எஸ் போட்டுவிட்டார்கள்.

ஃபெர்ரஸ்லயும் ஃபெர் இருக்கு, டிரான்ஸ்ஃபர்லயும் ஃபெர் இருக்கு. ரெண்டும் ஒண்ணா?

இல்லை. இரும்புக்கு லத்தீனில் 'ஃபெர்ரும்'; அதனால்தான் வேதியியலில் இரும்பின் குறியீடு எஃப், ஈ. கஞ்சமலை இரும்பைப் பற்றிய புத்தகத்தில் 'ஃபெர்ரஸ்' வந்தால் இது. 'டிரான்ஸ்ஃபர்' வருவது 'ஃபெர்ரே' என்ற வினையிலிருந்து, தாங்குவது, கொண்டுபோவது. ரெஃபர், பிரிஃபர், ஆஃபர், ஃபெர்டைல் எல்லாம் இந்தக் கூட்டம்.

மாம்பழத்தின் அறிவியல் பெயரில் இந்த 'ஃபெர்ரே' உட்கார்ந்திருக்கிறது: மாங்கிஃபெரா இண்டிகா, 1753-ல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்தது. 'மாங்காய் தாங்கும் மரம், இந்தியாவைச் சேர்ந்தது' என்று பொருள். முன்பாதி நம் மாங்காய், போர்ச்சுகீசியர் வழியாகப் போனது. பின்பாதி மட்டும் லத்தீன். நம் மல்கோவாவுக்கும் இதே பெயர்தான்.

சேகோசர்வ்ல இருக்கிற 'சர்வ்', ஏற்காடு மலைப்பாதைல போர்டு வெச்சிருக்கிற 'ரிசர்வ் ஃபாரஸ்ட்'ல இருக்கிற 'சர்வ்' ரெண்டும் ஒண்ணுதானே?

இதுவும் முந்தைய பதில் மாதிரிதான். சேகோசர்வ் நம் ஊர் ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம்; அதில் உள்ள, சேவையைக் குறிக்கும் 'சர்வ்' வந்தது 'செர்வீரே' என்ற வினையிலிருந்து. அதற்கு அடி 'செர்வுஸ்', அதாவது அடிமை. ரிசர்வ், கன்சர்வ், பிரிசர்வ், அப்சர்வ் நான்கும் 'செர்வாரே' என்ற வேறு வினை. காப்பது, கவனித்து வைத்திருப்பது. 'ரே' என்ற முன்னொட்டோடு சேர்ந்தால் பின்னுக்கென்று எடுத்து வைப்பது. காட்டை ஒதுக்கி வைத்தால் ரிசர்வ் ஃபாரஸ்ட், தண்ணீரைத் தேக்கி வைத்தால் ரிசர்வாயர். 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் ஸ்டான்லி ரிசர்வாயர் நினைவிருக்கட்டும்.

'ஃபாரஸ்ட்'டும் லத்தீன்தான், ஆனால் முதலில் மரத்தோடு சம்பந்தமில்லை. 'ஃபோரிஸ்' என்றால் வெளியே. ஊர் எல்லைக்கு வெளியே ராஜாவின் வேட்டைக்கென்று விட்ட நிலம் அது. 'ஃபாரின்' என்ற சொல்லும் இதே வெளியேதான்.

சாக் ஹில்ஸ்னு பேர் இருக்கே, அங்க சாக்பீஸ் செய்யிற கல்லா எடுத்தாங்க?

சேலத்தில் பிறந்தவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது கேட்கும் கேள்வி. சேர்வராயன் மலை அடிவாரத்தில் வெள்ளை வெளேரென்று தெரிந்த கல்லைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் 'சாக்' என்று நினைத்துப் பெயர் வைத்தார்கள். உண்மையில் அது மேக்னசைட். நம்மவர்கள் சொல்கிற வெள்ளைக்கல். சாக் கால்சியம் கார்பனேட், இது மெக்னீசியம் கார்பனேட். உருக்காலை உலைக்குள் வைக்கிற, சூடு தாங்கும் செங்கல்லுக்கு இது தேவை.

பெயர் தப்பாக இருந்தாலும் சொல்லின் கதை அருமை. 'சாக்' வந்தது லத்தீன் 'கால்க்ஸ்', அதாவது சுண்ணாம்புக் கல். மேலே சொன்ன முதல் தடவையிலேயே, மிகப் பழைய காலத்தில், ஆங்கிலத்துக்குள் போனது. அதனால்தான் இவ்வளவு தேய்ந்திருக்கிறது. 1808-ல் ஹம்ஃப்ரி டேவி சுண்ணாம்பிலிருந்து ஓர் உலோகத்தைப் பிரித்து, அதே கால்க்ஸை வைத்துக் 'கால்சியம்' என்றார். கால்க்ஸின் குட்டி 'கால்குலுஸ்', சின்னக் கூழாங்கல். ரோமர்கள் கூழாங்கல்லை நகர்த்திக் கணக்குப் போட்டதால் 'கால்குலேட்' வந்தது. சிறுநீரகத்தில் கல் என்று ஸ்கேன் எடுத்துப் பாருங்கள், ரிப்போர்ட்டில் இன்றும் 'கால்குலஸ்' என்றே எழுதியிருக்கும். கணக்குப் புத்தகத்திலும் அதே சொல், வயிற்று வலியிலும் அதே சொல்.

ஒரு பொறியும் உண்டு. லத்தீனில் குதிகாலுக்கும் 'கால்க்ஸ்' என்றே பெயர்; எழுத்து ஒன்று, சொல் வேறு. குதிகாலால் உதைக்கிற முரட்டுக் குதிரையிலிருந்து 'ரிகால்சிட்ரன்ட்' வந்தது. அதைச் சுண்ணாம்போடு சேர்க்கக் கூடாது. 'மேக்னசைட்', 'மேக்னெட்' இரண்டும் மக்னீசியா என்ற கிரேக்கப் பகுதியின் பெயரால் வந்தவை.

ரோமப் படைவீரனுக்கு உப்பைத்தான் சம்பளமாக் குடுத்தாங்களாம், அதான் 'சாலரி'யாம். சேலமும் அதே 'சால்'தானா?

முதல் பாதியில் கொஞ்சம் உண்மை. 'சாலாரியும்' என்ற லத்தீன் சொல்லுக்கும் உப்பைக் குறிக்கும் 'சால்' என்ற சொல்லுக்கும் தொடர்பு உண்டு. முதல் நூற்றாண்டில் ரோம எழுத்தாளர் பிளினி உப்பைப் பற்றி எழுதும்போது இரண்டையும் சேர்த்தே பேசுகிறார். ஆனால் சிப்பாய்க்கு மூட்டையில் உப்பு அளந்து கொடுத்ததற்குச் சான்று கிடையாது. வீரர்கள் வாங்கியது நாணயம். உப்புக்கான படி என்பது பிற்காலத்தில் சேர்ந்த விளக்கம். உப்போடு நிச்சயமாகச் சேர்ந்தவை வேண்டுமானால் சாஸ், சாலட், சாசேஜ்: மூன்றும் 'உப்புப் போட்டது' என்ற பொருளில் பிறந்தவை.

சேலத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சைலம், சேரலம் என்று நம் ஊர்ப் பெயருக்குப் பல விளக்கம் சொல்கிறார்கள். எதிலும் லத்தீன் இல்லை. அமெரிக்காவில் உள்ள சேலம் எபிரேய மொழிப் பெயர். அதுவும் வேறு.

எங்க எஸ்டேட்ல விளையறதுல எதுக்கெல்லாம் லத்தீன் பேரு? காபி, மிளகு, ஆரஞ்சு?

காபிக்கு இல்லை. அது அரபு 'கஹ்வா'. துருக்கி வழியாக ஐரோப்பா போனது. ஆரஞ்சும் இல்லை, சமஸ்கிருத 'நாரங்க', பாரசீகம், அரபு வழியாக இத்தாலி, பிரான்ஸ் போய், போகிற வழியில் முன்னால் இருந்த 'ந'வைத் தொலைத்தது. மிளகுக்கு உண்டு: 'பெப்பர்' லத்தீன் 'பிப்பெர்'. ஆனால் லத்தீன் அதைக் கிரேக்கத்திடம் வாங்கியது, கிரேக்கம் 'பிப்பலி' என்ற இந்தியச் சொல்லிடம் வாங்கியது. பிப்பலி என்பது நம் திப்பிலி. கொடி மாறி, பெயர் மட்டும் கப்பல் ஏறிவிட்டது.

'ஜிஞ்சர்' இன்னும் சுவாரசியம். லத்தீன் 'சிங்கிபெர்', கிரேக்கம், பிராகிருத 'சிங்கிவேர' என்று பின்னோக்கிப் போனால் நிற்கிற இடம் இஞ்சி வேர். ஆக, லத்தீனை சேலம் ஜங்ஷன் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பல வண்டிகள் அங்கே நின்று போகும். எல்லாம் அங்கிருந்தே புறப்பட்டவை என்று எழுதிவிடக் கூடாது.

ரோபஸ்டா காபி இருக்கு, ரோபஸ்டா வாழைப்பழமும் இருக்கு. ரெண்டுக்கும் ஏன் ஒரே பேரு?

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. ஏற்காட்டில் காபிக்கு நிழலாக நின்று, மிளகுக்கொடியைத் தாங்கும் சில்வர் ஓக். அதன் அறிவியல் பெயர் கிரெவில்லியா ரோபஸ்டா. 'ரோபுஸ்டுஸ்' என்றால் உறுதியானது. காபிச் செடி நோய் தாங்கும், மரம் நெடுநெடுவென்று வளரும். அதனால் அந்தப் பெயர்.

வேர் 'ரோபுர்'. அதற்குப் பொருள் ஓக் மரம், அதன் வைரம் பாய்ந்த கட்டை. சில்வர் ஓக் தாவரவியல்படி ஓக்கே இல்லை, கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு குடும்பத்து மரம். ஆனாலும் ஆங்கிலப் பெயரிலும் ஓக், லத்தீன் பெயருக்குள்ளும் ஓக்! கோர்ட்டில் சாட்சியை 'கொரோபொரேட்' பண்ணுவது என்பார்களே, வலுச் சேர்ப்பது, அதுவும் இந்த ரோபுர்தான்.

'ஷெவராய்' கடைசில இருக்கிற ராயும் 'ராயல்'ல இருக்கிற ராயும் ஒண்ணுன்னு நான் சொன்னா தப்பா?

பாதி தப்பு, பாதி அபாரம். 'ஷெவராய்' என்பது சேர்வராயன் வெள்ளைக்காரர் வாயில் பட்ட பாடு. பிரெஞ்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 'ராயல்' பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் 'ரேகாலிஸ்'. அதற்கு அடி அரசனைக் குறிக்கும் 'ரேக்ஸ்'. (ரீகல் என்பதும் அதேதான், ஃப்ரெய்ல், ஃப்ராஜைல் மாதிரி ஒரு ஜோடி.)

ஆனால் தமிழ் 'ராயன்' எங்கிருந்து வந்தது? சமஸ்கிருத 'ராஜன்', பிராகிருதம் வழியாக. ராஜன், ரேக்ஸ் இரண்டும் ஒரே பழைய மொழியின் பேரப்பிள்ளைகள். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று 1786-ல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் சொன்னதன் பொருள் இதுதான். ஒன்று மற்றொன்றிடம் கடன் வாங்கவில்லை, பங்காளிகள். அதே போல ஜங்ஷனின் 'யுங்கெரே'யும் நம் 'யோக'மும் பங்காளிகள்.

'ஒன்' என்பது 'ஒன்று'தான், ஆங்கிலமே தமிழ்லேர்ந்து வந்ததுன்னு ஒரு வீடியோல பார்த்தேன். ஏன் ஒத்துக்க மாட்டேங்கிறீங்க?

காலம் ஒத்துவரவில்லை. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் 'ஆன்'. 'வன்' என்ற உச்சரிப்பு மிகப் பிந்தியது. பழைய ஓசை ஒன்லி, அலோன் என்ற சொற்களில் மாட்டிக்கொண்டு இன்னும் இருக்கிறது. இரண்டிலும் உள்ளே இருப்பது 'ஒன்'தான். இப்போது இருக்கிற ஓசையை இப்போதைய தமிழோடு ஒட்டவைத்துவிட்டால் எந்த மொழியிலிருந்தும் எந்த மொழியையும் வரவழைக்கலாம். 'நியூஸ்' என்பது நான்கு திசைகளின் முதல் எழுத்து என்று சொல்வதும் இந்த ரகம்தான். அது 'நியூ'வின் பன்மை, அவ்வளவே.

தமிழ் வேறு குடும்பம் என்பதை 1816-ல் எல்லிஸும், 1856-ல் கால்டுவெல்லும் எடுத்துக்காட்டினார்கள். ஆங்கிலத்துக்கு நாம் உண்மையாகவே கொடுத்தவை கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர். மேலே சொன்ன மாங்காயையும் இஞ்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வழி தெரிந்த இந்த ஐந்தே எனக்குப் போதும். வீடியோவில் வந்த ஐந்நூறு வேண்டாம்.

எவ்வளவு தேடியும் சில வார்த்தைக்கு வேரே கிடைக்கல. அப்ப என்ன எழுதுறது?

சிலதுக்குக் கிடைக்காது. 'டாக்' என்ற சொல்லையே பாருங்கள். பழைய ஆங்கிலத்தில் நாய்க்கு வழக்கமான சொல் இன்றைய 'ஹவுண்ட்'; ஜெர்மனிலும் இதன் இனச்சொல்தான். எங்கிருந்தோ 'டாக்' வந்து அதை வேட்டை நாய்க்கு மட்டும் ஒதுக்கிவிட்டு முழு இடத்தையும் பிடித்தது. பக்கத்து மொழிகளில் அதற்குச் சொந்தம் இல்லை. பெரிய அகராதிகளும் மூலம் தெரியவில்லை என்றே போட்டிருக்கின்றன. நீங்களும் அதையே எழுதுங்கள். கேள்வித்தாளில் நான்காவது ஆப்ஷனாக 'இவை எதுவுமில்லை' இருந்தால், தயங்காமல் அதை ஷேட் பண்ணுங்கள்.